நாலு ஞாயிறு

குளிகை கொண்டுவருகிற பையன் பெயர் ஜெபின்.
மத்திகோட்டில் எங்கள் சந்துக்குள் அவன் பைக் ஏறாது.
ரப்பர் ஷீட் காயும் கொடிக்கு அடியில்
குனிந்து குனிந்து வருவான்.
தோளில் ஒரு நீலப் பை,
அதற்குள் முப்பத்தொரு பேருடைய ரத்தம்
நோட்டில் எழுதி.

ஆறரைக்கு மேல்தான் வருவான்.
பகலில் வந்தால் பூட்டுக்குத்தான் மருந்து கொடுக்கணும்,
நாங்களெல்லாம் அண்டியாபீஸில்.

முதல் தடவை கையை நீட்டச் சொன்னான்.
நீட்டவில்லை.
பத்தொன்பது வருஷம் கொட்டை தல்லிய கை,
கறை தின்ற விரல்.
ரேஷன் கடை மிஷினே மூன்று முறை வைத்துப் பார்த்து
இது யாருமில்லை என்று சொல்லும்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தான்.
போகவில்லை. இன்னொரு பஞ்சு.
பிறகு துடைப்பதை விட்டுவிட்டு
ஒவ்வொரு விரலாகப் புரட்டி
இடது கைச் சுண்டுவிரலை எடுத்தான்.
கறை ஏறாத ஒன்று என்னிடம் மிச்சமிருந்தது
எனக்கே தெரியாது.
குத்தின இடத்தில் ஒரு பொட்டுச் சிவப்பு.
சுஜினைப் பெற்ற அன்றைக்குப் பிறகு
என் ரத்தத்தை ஓராள் உற்றுப் பார்த்தது அப்போதுதான்.

போன மாதம் அட்டைகளை எண்ணினான்.
சுகர் குளிகை கணக்குச் சரி.
பிரஷர் குளிகை
இருபத்தெட்டில் இருபத்திநாலு பாக்கி.

எண்ணுகிறவர்கள் முன்னால் எனக்கு வயிறு சுருங்கும்.
பொன்னையன் சூப்பர்வைசர் தராசுக்கு முன்னால்
உடைந்த பருப்பைத் தனியே தள்ளிக்
கூலியில் கழிப்பார்.
அதேபோல் நின்றேன், கழியட்டும் என்று.

ஏன் தின்னவில்லை என்று கேட்டிருந்தால்
மறந்துபோச்சு என்றிருப்பேன்.
ஆஸ்பத்திரியில் அதைத்தான் சொல்வது.
எழுதுகிற கை நிற்காது, அடுத்த டோக்கன்.

அவன் கேட்டது:
"தின்ன நாலும் எந்தெந்த நாள் அக்கா?"

நாலும் ஞாயிறு.

மகன் வயசு. முகம் பார்த்துச் சொல்ல வரவில்லை.
அடுப்பைப் பார்த்துச் சொன்னேன்.
அது நீர்க் குளிகை மக்கா.
காலையில தின்னா உச்சை வரைக்கும் நிக்காது.
நாப்பத்திரண்டு பெண்ணுக்கு ஒரு கக்கூஸ்,
அதுக்கும் தாழ் கிடையாது.
ஒருத்தி போனா இன்னொருத்தி காவல் நிக்கணும்,
ரெண்டு பேர் தூக்கத்திலயும் பருப்பு குறையும்.
தண்ணியே குடிக்காம இருக்கோம்,
இதில குளிகை எங்க தின்ன?
ஞாயித்துக்கெழமை சர்ச் விட்டு வந்தா தின்பேன்.
எனக்கு ரத்தக்கொதிப்பு ஞாயிறு மட்டும்தான்.

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வின்சிலா கத்தினாள்:
"எனக்கும் அதே குளிகைதான்,
நான் வாழை மூட்டில போட்டிருவேன்.
வாழைக்குப் பிரஷரே இல்ல கேட்டியா!"

அவன் சிரிக்க மறந்து எழுதிக்கொண்டிருந்தான்.
எட்டிப் பார்த்தேன்.
கக்கூஸ் என்றே எழுதியிருந்தான்,
தாழ் இல்லை என்றும்.
"டாக்டர்கிட்ட பேசுறேன், வேற குளிகை உண்டு.
கதவுக்குத்தான் என் பையில ஒண்ணும் இல்லக்கா."

அடுத்த வியாழன் புதுசு வந்தது,
அரிசி நொய்யைவிடக் கொஞ்சம் பெரிசு.
மூன்று வாரமாகத் தினமும் தின்கிறேன்,
திங்கள் செவ்வாய்க்கும் நோய் வந்துவிட்டது.
அளவு இறங்கியிருக்கிறது என்றான்.

இப்போது ராத்திரி வறட்டு இருமல்.
இவர் எழுந்து உட்கார்ந்து
கூரை விழுந்ததோ என்று பார்க்கிறார்.
குளிகையால்தானோ என்னவோ.
முன்பென்றால் நிறுத்தியிருப்பேன்,
யாரிடமும் சொல்லாமல்.
காலண்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்,
ஐந்து ராத்திரி. வியாழன் வரட்டும்.

தல்லும்போது இடது கைச் சுண்டுவிரலைத் தூக்கிப் பிடிக்கிறேன்,
கறை படாமல்.
இன்றைக்குப் பொன்னையன் கேட்டார்:
"அந்த விரலுக்கு என்ன கேடு?"